கொழும்பில் வீடு கட்டுகிறீர்களா? யன்னலைச் சுவர் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

யன்னல் போடப் போகிறவர்கள் அனேகமாக முதலில் செய்வது ஃபோனில் படம் சேர்ப்பதுதான். நிலத்திலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி, பின்னால் பனி மூடிய மலை. அதைக் கொண்டுபோய் அலுமினியப் பட்டறையில் காட்டினால் "செய்யலாம்" என்றுதான் சொல்வார்கள், அவர்கள் சதுர அடிக் கணக்கில் காசு வாங்குகிறவர்கள், கண்ணாடி பெருத்தால் பில்லும் பெருக்கும். ஆனால் அந்தப் படத்தில் தென்மேற்குப் பருவமழை இல்லை, பின்னேர வெயில் இல்லை, நுளம்பு இல்லை, கள்ளருக்குப் பயந்து போடும் கம்பி இல்லை. கொழும்பில் யன்னலைத் தீர்மானிப்பது இந்த நாலும்தான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலுக்குக் கிட்ட வீடு என்றால் உப்புக் காற்று ஐந்தாவது.

ஆகவே ஸ்லைடிங்கா, பிணைச்சல் போட்டதா, கண்ணாடித் தகடுகளை அடுக்கிய லூவரா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீடு முழுக்க ஒரே வகை யன்னல் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது. மேற்குச் சுவருக்குப் பொருந்துவது குசினிக்குப் பொருந்தாது, மேல்மாடிக்குச் சரியானது வீதியோரத்துக் கீழ் அறைக்குச் சரிவராது. சுவர் சுவராக முடிவெடுத்தால் தெரிவு தானாகவே சுருங்கிவிடும், கடைசியில் ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு வகைதான் மிஞ்சும்.

1. வரைபடத்தில் திசையைக் குறியுங்கள்

வரைபடத்தின் பிரதி ஒன்றை எடுத்து வடக்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபோனில் இருக்கும் திசைகாட்டி போதும், ஆனால் கட்டுமானக் கம்பிகள் குவித்துவைத்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், முள் அங்கே பொய் சொல்லும்.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. அதனால் நடுப்பகல் சூரியன் எங்களுக்கு அனேகமாகத் தலைக்கு மேலேதான் நிற்கும், ஜூனில் சற்று வடக்கே சாயும், டிசம்பரில் அதைவிடக் கூடுதலாகத் தெற்கே சாயும். வடக்கு, தெற்குச் சுவர்களில் இது பெரிய பிரச்சினை இல்லை. யன்னலுக்கு மேலே 2 அடி நீட்டிய ஒரு கொங்கிரீட் சன்ஷேட், டிசம்பர் மாத நடுப்பகலில் தெற்கு யன்னலில் மூன்று அடிக்கு மேல் நிழல் விழுத்தும்.

மேற்குச் சுவர் வேறு கதை. பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் நன்றாகத் தாழ்ந்துவிடும், அப்போது அதே 2 அடி சன்ஷேட் யன்னலின் மேற்பக்கத்தில் ஒன்றேகால் அடி அளவைத்தான் மறைக்கும், 5 மணிக்கு அரை அடி சொச்சம். மிச்சக் கண்ணாடி முழுக்க வெயில் உள்ளே வந்து சுவரையும் கட்டிலையும் சூடாக்கிவிட்டுத்தான் போகும், அந்தச் சூட்டை இரவு பத்து மணிக்கும் நீங்கள் உணர்வீர்கள். சன்ஷேட்டை இன்னும் நீட்டினால் சரியாகிவிடும் என்று மேசன் சொன்னால் நம்பாதீர்கள். தாழ்ந்த வெயிலுக்கு நிமிர்ந்து நிற்கும் மறைப்புத்தான் வேண்டும்: ஒரு மரம், வெளியில் தொங்கும் பிரம்புத் தட்டி, அல்லது யன்னலையே சின்னதாக வைப்பது. உள்ளே போடும் திரைச்சீலை கண் கூசாமல் காக்கும், சூட்டை அவ்வளவாகக் காக்காது, ஏனென்றால் வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது.

கிழக்குக்கும் இதே கணக்குத்தான், ஆனால் காலை வெயிலை எங்கள் ஆட்கள் பெரும்பாலும் விரும்பித்தான் விடுகிறார்கள். அறை இரவு முழுக்கக் குளிர்ந்திருப்பதால் அது அவ்வளவு உறைப்பதுமில்லை.

2. காற்றும் மழையும் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து வரும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து. இடையில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்றே இல்லாமல் வேர்த்துக் கொட்டி, பின்னேரம் இடியோடு ஒரு மழை வந்து போகும். ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழைதான்.

இதில் உள்ள சிக்கலைக் கவனியுங்கள். நல்ல கடற்காற்று வருவது மேற்கு, தெற்குப் பக்கங்களால். மோசமான தூவானம் அடிப்பதும் அதே பக்கங்களால். மேற்கில் பின்னேர வெயிலும் சேர்கிறது. யன்னலே வைக்காமல் விட்டால் வீடு புழுங்கும், பெரிதாக வைத்தால் மழையும் வெயிலும். கொழும்பு வீட்டில் யோசித்துக் காசு செலவழிக்க வேண்டிய சுவர் இதுதான், மற்றவற்றில் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

காற்று உள்ளே வர ஒரு வழி, போக ஒரு வழி வேண்டும். ஒரு அறையில் ஒரே ஒரு பெரிய யன்னல் வைப்பதைவிட, எதிரெதிர்ச் சுவர்களில் அல்லது அடுத்தடுத்த சுவர்களில் இரண்டு சின்ன யன்னல்கள் வைப்பது எவ்வளவோ மேல். இரண்டாவது வெளிச்சுவர் இல்லாத அறைக்கு, கதவுக்கு மேலே ஃபேன்லைட் வைத்து விறாந்தைப் பக்கம் காற்றை வெளியேற விடலாம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் உள்ள பழைய வீடுகளில் யன்னல், கதவு எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சின்னத் திறப்பு இருக்கும். சூடான காற்று மேலே ஏறுவது, அதற்கு ஒரு வாசல் வேண்டும். புது வீடுகளில் ஏ.சி. போடப்போகிறோம் என்று அதை அடைத்துவிடுகிறார்கள், பிறகு கரண்ட் இல்லாத நேரம் தெரியும்.

காணியையும் நேரில் போய்ப் பாருங்கள். பக்கத்தில் ஏழு மாடிக் கட்டடம் நின்றால் தென்மேற்குக் காற்று உங்களுக்கு வராமலே போகலாம், ஒழுங்கை வழியாகத் திரும்பி வேறு பக்கத்தால் வரலாம்.

இன்னொன்று, பக்கத்துக் காணியின் எல்லையோடு ஒட்டி எழும்பும் சுவரில் யன்னல் திறக்க முடியாது. எவ்வளவு இடம் விட்டால் திறக்கலாம், அறையின் அளவுக்கு எவ்வளவு திறப்பு வேண்டும் என்பதற்கெல்லாம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன. அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே வரைபடம் போடுகிறவரிடம் கேளுங்கள். ஒடுக்கமான காணியில் என்ன செய்வது என்று பார்க்க ஆசை என்றால், பகதலே வீதி 33ஆம் ஒழுங்கையில் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த வீட்டைப் போய்ப் பாருங்கள், பார்வையாளர்களை விடுகிறார்கள். வரிசையாக ஒட்டி நின்ற நாலு சின்ன வீடுகளை ஒன்றாக்கி, பக்கச் சுவர்களை நம்பாமல், நடுநடுவே வானம் தெரியும் முற்றங்களை விட்டு வெளிச்சத்தையும் காற்றையும் எடுத்திருக்கிறார். 4 பேர்ச் காணியிலும் ஒரு சின்ன முற்றம் அந்த வேலையைச் செய்யும்.

3. இப்போது வகைக்கு வரலாம்

ஸ்லைடிங் யன்னல்தான் இன்று கொழும்பில் அதிகம் விற்பது. இடம் பிடிக்காது, காற்றில் அடிபடாது, பாவிக்க இலகு. குறை என்னவென்றால் இரண்டு கதவு போட்டது எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் திறக்கும். 6 அடி யன்னலுக்குக் காசு கொடுத்து 3 அடிக் காற்றை வாங்குகிறீர்கள். கீழே ஓடும் தண்டவாளத்தில் மண் சேரும், அதில் தண்ணீர் வெளியேறும் சின்னத் துளைகள் அடைபட்டால் தென்மேற்கு மழைக்குத் தண்ணீர் நிரம்பி உள்ளே வழியும். பட்டறையில் அந்தத் துளைகள் எங்கே, எத்தனை என்று கேளுங்கள், கதவை மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி தடை வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் சரியான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

பக்கத்தில் பிணைச்சல் போட்டுக் கதவு மாதிரித் திறக்கும் யன்னல் எங்கள் பழைய மர யன்னல். முழுவதும் திறக்கும், மூடினால் நன்றாக இறுகும், காற்று வரும் பக்கமாகத் திறந்தால் கதவே காற்றைப் பிடித்து உள்ளே தள்ளும். ஆனால் திடீர்க் காற்றுக்குப் படாரென்று அடிக்கும், ஆகவே மரத்தில் என்றால் கொளுக்கி, அலுமினியத்தில் என்றால் கதவைப் பிடித்து நிறுத்தும் இறுகிய ஸ்டே அவசியம். வீட்டில் ஆள் இல்லாத நேரம் மழை வந்தால் திறந்திருந்த அளவுக்கு நனையும். நடைபாதைப் பக்கம் வெளியே திறக்கும்படி வைக்காதீர்கள், யாராவது ஒருவர் தலையை இடித்தே தீருவார்.

மேலே பிணைச்சல் போட்டு, கீழ்ப்பக்கத்தை வெளியே தள்ளித் திறப்பது மழைக்கு ஏற்றது. திறந்திருக்கும்போது கண்ணாடியே குடை பிடிக்கும், சாதாரண மழைக்கு மூடவே வேண்டியதில்லை. மேற்குச் சுவரில் உயரமாக, நீளமாக, குள்ளமாக இதைப் போட்டால் காற்று வரும், வெயில் குறைவாக வரும், தூவானம் அனேகமாக வராது. குளியலறைக்கும் இதுதான் என் தெரிவு. காற்றின் அளவு பிணைச்சல் யன்னலைவிடக் குறைவு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

லூவரைப் பலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்தால் மழை வெளியே, காற்று உள்ளே, திறப்பும் கிட்டத்தட்ட முழுமை. குசினிக்கும் படிக்கட்டுப் பக்கத்துக்கும் இதைவிடக் குறைந்த செலவில் நல்ல காற்று கிடையாது. ஆனால் தகடுகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம், ஆகவே கம்பி இல்லாமல் லூவர் போடவே கூடாது. இறுக்கமாக மூடாது என்பதால் ஏ.சி. அறைக்கும் காலி வீதிச் சத்தத்துக்கும் உதவாது. தகடு துடைப்பது ஒரு வேலை, எண்ணெய்ப் புகை படியும் குசினியில் பெரிய வேலை.

திறக்காத, நிலையாகப் பூட்டிய கண்ணாடி வெளிச்சத்துக்கு மட்டும். வெளியிலிருந்து கழுவ வழி உண்டா என்று யோசித்துவிட்டு வையுங்கள்.

உள்ளே சாய்ந்தும் உள்ளே கதவு போலவும் திறக்கும் யு.பி.வி.சி. என்ற கடின பிளாஸ்டிக் யன்னல்களும் இப்போது வருகின்றன. கம்பி வெளியே இருக்கும் வீட்டுக்கு வசதி, துடைக்கவும் வசதி. கதவு திறக்கும் இடத்தில் மேசை, கட்டில் வைக்க முடியாது. குசினித் தொட்டிக்கு மேல் வைத்தால் குழாயில் இடிக்கும்.

4. கண்ணாடி, கம்பி, வலை: எது எந்தப் பக்கம்?

புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் மூன்றையும் மூன்று ஆட்களிடம் மூன்று நேரத்தில் கொடுக்கிறார்கள். யன்னல் வந்த பிறகு கம்பி, கம்பி அடித்த பிறகு டெங்கு வந்ததும் வலை. கடைசியில் யன்னலைத் திறக்க வலையைக் கழற்ற வேண்டும், அல்லது கைபிடி கம்பிக்கு அந்தப் பக்கம் எட்டாமல் நிற்கும்.

ஆகவே ஓடர் கொடுக்கும் முன் ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு வெட்டுப் படம் கீறுங்கள், கோடு போட்டால் போதும், அழகு தேவையில்லை. வெளியே தள்ளித் திறக்கும் யன்னல் என்றால் வரிசை இப்படி: வெளியே கண்ணாடி, நடுவில் கம்பி, உள்ளே வலை. கம்பி இடைவெளியால் கை போய்க் கைபிடியைப் பிடிக்க வேண்டும், வலை உள்பக்கமாகத் தனியே திறக்கவோ தள்ளவோ வேண்டும். உள்ளே திறக்கும் யன்னல் என்றால் வெளியே கம்பி, அதோடு ஒட்டி வலை, உள்ளே கண்ணாடி, இங்கே வலையைத் தொடவே வேண்டியதில்லை. ஸ்லைடிங்கில் வலைக்கென்று மூன்றாவது தண்டவாளம் ஒன்றை முதலிலேயே கேட்டு வாங்குங்கள், பிறகு சேர்ப்பது கஷ்டம். அதற்குக் கம்பி எந்தப் பக்கமும் வரலாம்.

வலை வேண்டுமா என்று கேட்டால், கொழும்பில் வேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூடுதலாக. ஆறு மணிக்கு யன்னலைச் சாத்தும் பழைய வழக்கம் இரவு நுளம்புக்குச் சரி, டெங்கு நுளம்புக்குப் போதாது. வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அதையும் கணக்கில் எடுத்துத் திறப்பைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். கழற்றிக் கழுவக்கூடிய சட்டமாகக் கேளுங்கள், வீதியோரத் தூசிக்குச் சில மாதங்களில் வலை கறுத்துவிடும்.

கம்பியில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். படுக்கையறைகள் உள்ள ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒரு யன்னலின் கம்பி, உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாம் பற்றவைத்து அடைத்த வீட்டில் நெருப்புப் பிடித்தால் வெளியேற வாசல் ஒன்றுதான் மிஞ்சும். கள்ளனுக்குப் போட்ட கம்பி வீட்டுக்காரரைப் பூட்டிவைக்கக் கூடாது. அந்தக் கம்பிப் பூட்டின் சாவி, வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே எல்லாருக்கும் தெரிந்த ஓரிடத்தில் தொங்கட்டும்.

5. மரமா, அலுமினியமா

கடலிலிருந்து சில ஒழுங்கைகளுக்குள் வீடு என்றால் முதலில் அழுகுவது யன்னலின் சட்டம் அல்ல, பிணைச்சலும் திருகாணியும்தான். சாதாரண இரும்புத் திருகாணியால் அலுமினியத்தைப் பூட்டினால் உப்பு ஈரத்தில் திருகாணியும் துருப்பிடிக்கும், அதைச் சுற்றி அலுமினியமும் அரிபடும். மரைன் டிரைவ் பக்கம் 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள், 304 ரகம் உள்நாட்டுப் பக்கம் போதும். பழைய சோனகத் தெருக் கடைகளில் நீங்களே வாங்கிக் கொடுத்தால் என்ன போடுகிறார்கள் என்பது தெரியும். பவுடர் பூச்சு அலுமினியத்தையும் மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும்.

மரம் என்றால் தேக்கு, முதிரை, பலா, மஹோகனி என்று பட்ஜட்டுக்கு ஏற்பப் போகும். எந்த மரம் என்பதைவிட நன்றாகக் காய்ந்த மரமா என்பதுதான் முக்கியம், ஈர மரத்தில் அடித்த யன்னல் மழைக்காலத்தில் இறுகும், வெயிலில் சுருங்கி இடைவெளி விடும். பலா மரம் வெட்டுவதற்குச் சட்டப்படி அனுமதி வேண்டும், ஆகவே மரக்காலையில் பில்லோடு வாங்குங்கள். உடைக்கும் பழைய வீடுகளின் தேக்கு யன்னல்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம், கறையான் அரித்த தடம் உண்டா என்று நிலையின் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள்.

யு.பி.வி.சி. துருப்பிடிக்காது, சத்தத்துக்கும் நல்லது, ஆனால் உள்ளே உருக்கு வலுவூட்டல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், மலிவானதில் வெயிலுக்கு நிறம் மாறும்.

தொடர்மாடியில் வீடு வாங்கியவர்கள் எதை மாற்றுவதற்கு முன்பும் முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். வெளித்தோற்றத்தை மாற்ற உங்கள் இஷ்டப்படி விடமாட்டார்கள்.

6. கண்ணாடி

நிலத்துக்குக் கிட்ட வரும் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடி ஆகியவை டெம்பர்ட் அல்லது லேமினேட்டாக இருக்கட்டும். டெம்பர்ட் உடைந்தால் சின்னச் சின்னத் துண்டாக உதிரும், லேமினேட் உடைந்தாலும் நடுவில் உள்ள படலம் பிடித்து வைத்திருக்கும். டெம்பர்ட் கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, அளவு பிழைத்தால் புதுசுதான். காலி வீதி பஸ், கரையோர ரயில் சத்தம் பிரச்சினை என்றால் லேமினேட்டும் விளிம்பைச் சுற்றி நல்ல ரப்பரும் சேர்ந்துதான் வேலை செய்யும், இடைவெளி வழியாக வரும் சத்தத்தைத் தடித்த கண்ணாடி தடுக்காது. வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்று விற்கும் பளபளப்புக் கண்ணாடி பகலில் மட்டும்தான் அப்படி. இரவில் லைட் போட்டால் வீதிக்குத்தான் படம்.

7. அளவு, பூட்டுதல், தண்ணீர்ச் சோதனை

மர நிலை சுவர் எழும்பும்போதே வைப்பது. அலுமினியமும் யு.பி.வி.சி.யும் பூச்சு முடிந்த பிறகுதான் அளக்க வேண்டும், வரைபடத்து அளவை வைத்து அடிக்க விடாதீர்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், உயரத்தையும் அப்படியே மூன்று இடத்திலும் அளந்து மிகச் சின்ன அளவை எடுப்பார்கள், மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து சதுரம் சரியா என்றும் பார்க்க வேண்டும். அளக்க வந்தவர் ஒரு தடவை மட்டும் டேப்பை இழுத்துவிட்டு எழுதினால் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

யன்னலின் கீழ்த்திட்டு வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், அதன் அடிவிளிம்பில் நீளமாக ஒரு காடி விட்டால் தண்ணீர் சுவரில் ஒட்டி இறங்காமல் அதில் அறுந்து சொட்டும். சன்ஷேட்டுக்கு அடியிலும் இதே காடி. இந்த இரண்டையும் மேசனிடம் பூச்சுக்கு முன்பே சொல்லாவிட்டால் சுவரில் பாசி படர்ந்த பிறகுதான் நினைவு வரும். அலுமினியத்தில் ஒட்டியிருக்கும் காப்பு டேப்பைச் சீமெந்து வேலை முடியும் வரை கழற்றாதீர்கள், சீமெந்துத் தண்ணீர் பட்டால் கறை பிடிக்கும். வேலை முடிந்ததும் உடனே கழற்றுங்கள், மாதக்கணக்கில் வெயில் பட்டால் டேப் உரிய மறுக்கும்.

கடைசிப் பங்குக் காசைக் கொடுக்கும் முன் தோட்டக் குழாயால் வெளியிலிருந்து ஒவ்வொரு யன்னலுக்கும் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள், தென்மேற்குப் பக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம். உள்ளே ஒருவர் நின்று கீழ்மூலைகளைப் பார்க்கட்டும். மூடிய கதவின் விளிம்பில் கடதாசித் துண்டு ஒன்றைச் செருகி இழுங்கள், சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுத்தவில்லை. பூட்டியவர்கள் அங்கே நிற்கும்போதே இதைச் செய்யுங்கள், மறுநாள் ஃபோனில் சொன்னால் "மழை வரட்டும், பார்ப்போம்" என்பார்கள்.